காலி வண்டியின் எடை

எங்கள் ஊரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். தூரத்தில் திருச்செங்கோட்டு மலை தெரியும். அதற்கும் உச்சி வரை ரோடு போட்டு பஸ் விட்டாகிவிட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் தார்ரோடு. ஏரியில் தண்ணீர் நின்றதை நான் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடக் காலத்தில். இப்படிப்பட்ட சீமையில், பாறை, சேறு, ஆறு, காடு எதிலும் நிற்காமல் போகிற பிக்கப் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று ஒருவன் கிளம்பினால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஆகியிருந்தது.

என் பெயர் குணசீலன். வயது முப்பத்து மூன்று. ஐந்து ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறேன். பெண் வீட்டார்களிடம் இதைச் சொன்னால் ஒரே பதில்தான் வரும்: "பாத்துட்டுச் சொல்லியனுப்பறோமுங்க." இதுவரை ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. அம்மா சென்னியம்மாள் இன்னும் போன் மணி அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார்.

கிழங்கை, பின்சீட்டும் உள்ள என் பிக்கப்பில், ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோகிற வழியில் மணியன் எடைமேடை இருக்கிறது. லோடோடு ஏறி ஓர் எடை போட வேண்டும். ஆலையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்து இன்னோர் எடை. அதில் இதைக் கழித்தால் என்ன மிச்சமோ அதுதான் நம் கிழங்கு. எடை போடும்போது டிரைவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. அலுவலகச் சன்னலுக்குப் பின்னாலிருந்து மைக்கில் குரல் வரும்: "டிரைவர் எறங்குங்க." அது மணியனின் மகள் தனப்பிரியா. பி.காம் முடித்துவிட்டு அப்பாவின் எடைமேடையை அவள்தான் நடத்துகிறாள்.

ஒருநாள் ஆலை முதலாளியே ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். மேடையில் ஏற்றிவிட்டுச் செல்போனில் பேசியபடி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். பின்னால் வரிசையில் நின்ற லாரிகள் ஆரன் அடித்தன. மணியன் வெளியே வந்து கையைப் பிசைந்தார். மைக் மட்டும் மாறவில்லை. உயரவும் இல்லை, குழையவும் இல்லை. "டிரைவர் எறங்குங்க." கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு தடவை. கடைசியில் முதலாளி இறங்கி நின்றார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்றைக்கே எல்லாம் முடிந்துபோயிற்று.

வேறு எவனாக இருந்தாலும் வீட்டில் சொல்லி முறையாகப் பெண் கேட்டிருப்பான். நான் யோசித்தேன். யோசிப்பதுதான் என்னிடம் உள்ள வியாதி. அவள் சன்னலிலிருந்து என்னைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்க்கிறாள். ஆகவே சரிசெய்ய வேண்டியது என்னை அல்ல, வண்டியை. இந்த முடிவுக்கு வர எனக்கு இரண்டு கிழங்கு சீசன் பிடித்தது.

அப்போது செல்போனில் நிறைய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் ஒருவன் தினமும் வேலைக்குப் போகிற பிக்கப்பையே உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, முன்னால் இழுவை வின்ச் வைத்து, லீவு நாளில் மலை ஏறிப் போய்க் கூடாரம் போட்டுக் காபி குடிக்கிறான். வாரநாளில் சாமான் ஏற்றுகிறான். ஒரே வண்டி, எல்லாவற்றுக்கும். பக்கத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வண்டியை மட்டும் கட்டிவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

இந்த மாதிரி வேலைக்கென்றே கோயமுத்தூரில் கடைகள் இருக்கின்றன. நான் திருச்செங்கோட்டுக்குப் போனேன். செங்கோட்டையன் அண்ணன் பட்டறையில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி கட்டுகிறார்கள். ரிக் கட்டுகிறவருக்கு பிக்கப் எம்மாத்திரம் என்பது என் கணக்கு.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பேனட்டைத் தட்டிப் பார்த்தார். தகரம் டப்பென்று அமுங்கிற்று. அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது.

"தம்பி, நாம கட்டுன ரிக்கு ஆப்பிரிக்காவுல நிக்குது. ஒரு கம்பி வளைஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் போன் வந்ததில்ல."

"இது கெழங்கு வண்டிங்கண்ணா."

"அதனாலென்ன? வண்டின்னு வந்துட்டா வளையக்கூடாது."

வளையவில்லை. முன்பம்பர், பின்பம்பர் இரண்டையும் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் கேசிங் பைப்பிலேயே செய்தார். இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க, ரிக் மேடைக்குப் போடும் அதே தடிமனான இரும்புப் பிளேட். பக்கவாட்டில் படிக்கட்டு, அதுவும் பைப்பு. கூரைமேல் கேரியர், கேரியர்மேல் விளக்குகள். பின்னால் இரண்டாவது ஸ்டெப்னி. இவ்வளவும் ஏறியதில் வண்டி அமுங்கிவிட, ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் சேர்த்தார். ஆற்றில் இறங்கினால் இன்ஜினுக்குத் தண்ணீர் போகாமல் மூச்சுவிட ஒரு குழாய் கூரை வரை ஏறிற்று. எங்கள் பக்கத்து ஆற்றில் இறங்கினால் வண்டிக்குள் போவது மணல்தான். எல்லாம் முடிந்து பெயிண்ட் அடித்த பின், வண்டியின் காலி எடை ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு கிலோ என்று ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி கதவில் அழகாக எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மலை ஏற்றிப் பார்க்க வேண்டாமா? சேலத்தைத் தாண்டி ஏற்காட்டு அடிவாரம் கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் போனேன். டீ குடித்தேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வழுவழுவென்று தார்ரோடு. ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் அம்மா என்னை முந்திப் போனார். பின்னாலிருந்த பிள்ளை எனக்கு டாட்டா காட்டிற்று.

வீட்டில் அம்மாவுக்கு வண்டிக்குள் ஏற முடியவில்லை. பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. இறங்கும்போதும் அதே முக்காலி. போகிற இடமெல்லாம் முக்காலியும் வந்தது. வின்ச்சின் இரும்புக் கயிற்றை இழுத்து வேப்பமரத்தில் மாட்டி அம்மா துணி காயப்போட்டார். என் வேட்டிகளில் துருக்கோடு விழுந்தது.

முதல் லோடு ஏற்றிய அன்று வண்டி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டது. டயர் மட்கார்டில் உரசி ரப்பர் வாசம் வந்தது. பாதிக் கிழங்கை இறக்கியும் எழவில்லை. அன்றையிலிருந்து கிழங்கு வாடகை டிராக்டரில் போக ஆரம்பித்தது. டிராக்டர்காரரே எடைபோட்டுச் சீட்டு வாங்கி வந்துவிடுவார். லோடு இல்லாதவனுக்கு எடைமேடையில் என்ன வேலை? நான் வீட்டில் உட்கார்ந்து வண்டியைத் துடைத்தேன்.

அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "ஏஞ்சாமி, மனசுல ஆரையாச்சும் நெனச்சிருந்தாச் சொல்லிப்போடு. இந்த வண்டியத் தொடைக்கறதப் பாக்க முடியல" என்றார். சொன்னேன். மறுநாளே கருப்பண்ணன் மாமா, அம்மாவின் தம்பி, மணியன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டார். வளர்பிறையில் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நான் வண்டி கட்டிய நேரத்துக்கு இது நடந்து குழந்தைக்குக் காது குத்தியிருக்கலாம்.

"காரு ஒண்ணு சொல்லட்டுமா மாப்ள?" என்று மாமா கேட்டார்.

"நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்குங்க மாமா" என்றேன். கட்டியதே இந்த நாளுக்குத்தானே.

அம்மா, மாமா, அத்தை, பங்காளி ஒருவர், நான் என்று ஐந்து பேராகக் கிளம்பினோம். மணியன் வீடு எடைமேடைக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுக்குப் போக வழி மேடை மேலேதான். அந்தப் பக்கம் கிழங்கு லாரிகள் நின்றதால் மேடையிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அலுவலகக் கூரைமேல் ரோட்டுக்கே தெரிகிற மாதிரி சிவப்பு எண்கள் எரிகிற பெரிய போர்டு ஒன்று உண்டு. அதை நான் மறந்துபோனேன்.

நான் குதித்திறங்கி முக்காலியைப் போட்டேன். அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி மேடையை விட்டு நடந்தார். போர்டில் எண் குறைந்தது. அத்தை இறங்கினார், இன்னும் குறைந்தது. மாமா மேடையை விட்டு இறங்கியபோது நூற்றைந்து கிலோ ஒரேயடியாக விழுந்தது. எதிர் டீக்கடையில் நின்ற லாரி டிரைவர்கள் மாமாவையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாமா துண்டை எடுத்து வயிற்றின்மேல் போட்டுக்கொண்டார். பங்காளியும் இறங்கினார். கடைசியாக நானும் மேடையை விட்டு நகர்ந்தேன்.

மைக் கரகரத்தது. அவளுக்குப் பதில் உட்காருகிற ஆபரேட்டர் லீவு, சீசன் நேரம், லாரிகள் காத்திருக்கின்றன. தனப்பிரியா பட்டுச்சேலையும் பூவுமாகச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லியிருக்க வேண்டும். "டிரைவர் எறங்குங்க."

"எறங்கிட்டேனுங்க" என்றேன்.

போர்டில் இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள என்ன லோடுங்க?"

"காலி வண்டிங்க."

அவள் எழுந்து அலுவலகக் கதவுக்கு வந்தாள். என் வண்டிக் கதவில் எழுதியிருந்ததைப் படித்தாள். போர்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று வருடம் நான் ஏங்கிக் கிடந்த பார்வை, எனக்கு வந்து சேர்ந்தது இப்படி. அதில் கோபம்கூட இல்லை. இவனுமா என்ற சலிப்புத்தான் இருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எங்களை வரவேற்க வெளியே வந்திருந்த மணியன் கும்பிட்ட கையை இறக்காமலே பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. கதவுல ஒரு எடை, போர்டுல ஒரு எடை. இந்தத் தொழில்ல நடக்கற களவாணித்தனமெல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதானுங்க நடக்குது. லோடு எடைக்கு வண்டிக்கடியில மணல் மூட்டையக் கட்டிட்டு வாரான், காலி எடைக்கு அவுத்துட்டு வாரான். தண்ணி டேங்க மறச்சு வெச்சுட்டு வாரான். எல்லாம் பாத்தாச்சு. சரி, உள்ள வாங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம்."

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்ற சொல்லில் மிச்சமெல்லாம் இருந்தது. அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது: நான் திருடன் அல்ல, முட்டாள் என்று இப்போதே நிரூபித்தாக வேண்டும். திருடனுக்கு இந்த வீட்டில் பெண் இல்லை. முட்டாளுக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்களா என்ன? ஆனாலும் அவள் காலத்துக்கும் என்னைக் களவாணி என்று நினைத்துக்கொண்டிருப்பாளே, அது என்னால் முடியாது.

"ஒரு நிமிஷமுங்க" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். காட்டுக்குள் வண்டி நின்றால் உதவும் என்று வாங்கி, ஒருநாளும் திறக்காத ஸ்பேனர் பெட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. திறந்தேன்.

முதலில் கூரைக் கேரியர். நானும் பங்காளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விளக்குகளோடு சேர்த்துத் தூக்கி மேடைக்கு வெளியே வைத்தோம். போர்டில் தொண்ணூறு கிலோ குறைந்தது. "இது கேரியருங்க" என்று சன்னலைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாவது ஸ்டெப்னியும் அதைத் தாங்கிய சட்டமும் இறங்கின. பக்கப் படிகளைக் கழற்றினேன். பிறகு புதுச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்து இன்ஜின் பிளேட்டின் போல்ட்டுகளை முறுக்கினேன். பிளேட் மேடையில் விழுந்த சத்தத்தில் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு ஓடி வந்தார். ஐந்து பேர் சேர்ந்து அதை மேடையை விட்டு வெளியே இழுத்தார்கள்.

"நூத்தி அறுவது கொறஞ்சிருக்கு" என்றது மைக். நான் கழற்ற ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக.

"ஏஞ்சாமி, இத்தனையுமா நீ மாட்டி வெச்சிருந்த?" என்று அம்மா கேட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"ஆமாம்மா."

"எதுக்கு?"

வண்டிக்கு அடியில் கிடந்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. நான் பின்பம்பருக்கு நகர்ந்தேன். அது வந்தது. முன்பம்பர் வரவில்லை. போல்ட் தேடித் தடவிப் பார்த்தேன், போல்ட்டே இல்லை. மொத்தமாக வெல்டு வைத்திருந்தார். எல்லோரும் மேடையை விட்டு விலகி நின்றும் போர்டு இன்னும் கதவுக்கணக்கை விட முந்நூறு கிலோவுக்கு மேல் கூடக் காட்டியது. கூடுதல் பட்டைக்கும் டயருக்கும் வின்ச்சுக்கும் எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும், ஒரு பைப்பு இவ்வளவு கனக்க முடியாது. மணியன் பம்பரைக் குனிந்து பார்த்தார். மணல் மூட்டையைத் தேடுகிற பார்வை எனக்குத் தெரியாததா? உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

செங்கோட்டையன் அண்ணனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணா, முன்பம்பர் என்ன எடைங்க?"

"எடை எதுக்குத் தம்பி பாக்கற? உறுதியப் பாரு."

"இல்லீங்கண்ணா, அவசரம். வெறும் பைப்புத்தானுங்களே?"

"வெறும் பைப்ப ஆராச்சும் வெப்பாங்களா? அடிச்சா ணங்குணங்குன்னு சத்தம் வந்துச்சு. உள்ளார காங்கிரீட்டு ஊத்தி அடச்சுட்டேன். நல்ல முக்கால் இன்ச் ஜல்லி போட்டு ஊத்துனது. சும்மா சொல்லக்கூடாது, யானை முட்டுனாலும் அசையாது."

செங்கோட்டையன் அண்ணனே தொடர்ந்தார். "ஏந்தம்பி, பொண்ணூட்டுல வண்டியப் பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

மைக்கில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் தும்மல் என்று நினைத்தேன். அது சிரிப்பு. அணைக்க மறந்த மைக்கில், கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கி வழியாக ரோடு முழுக்கக் கேட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. டீக்கடை சிரித்தது, லாரிக்காரர்கள் சிரித்தார்கள், கடைசியில் மணியன் பம்பர்மேல் கையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கருப்பண்ணன் மாமாகூடச் சிரித்தார், நூற்றைந்து கிலோவும் ஆட. கிரீஸ் அப்பிய கையோடு நடுவில் நின்ற எனக்கு அப்பாடா என்றிருந்தது. முட்டாள் என்று தீர்ப்பு வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லாரிகள் நகர்ந்து வழிவிட, வண்டியை மேடையிலிருந்து இறக்கி வீட்டு வாசலில் நிறுத்தினேன். காபி வந்தது. இந்தத் தடவை மணியன் "சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று சொல்லவில்லை, "இன்னொரு டம்ளர் குடிங்க" என்றார். அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு எல்லோரும் தள்ளிப் போய் நின்றார்கள். போகும்போது மணியன் கையை நீட்டி மைக்கை அணைத்துவிட்டுப் போனார்.

நான் கையைத் துடைத்தபடி நின்றேன்.

"முந்தியெல்லாம் வாரத்துக்கு ரெண்டு தடவை வருவீங்க" என்றாள். "லோடோட வாரப்ப எடையப் போட்டதும் போயிருவீங்க. காலி வண்டியோட வாரப்ப மட்டும் சீட்டு கைக்கு வந்த பொறகும் சன்னலையே பாத்துட்டு நிப்பீங்க. பின்னால இருக்கறவங்க ஆரன் அடிச்சாத்தான் நகருவீங்க."

எனக்குக் காது சுட்டது. ஆக, சன்னலிலிருந்து அவள் வண்டியை மட்டும் பார்க்கவில்லை.

"நாலஞ்சு மாசமா டிராக்டர்தான் வருது. நீங்க வாரதேயில்ல. கெழங்கு போடறத உட்டுட்டீங்களோ, இல்ல கல்யாணம் ஆயிருச்சோன்னு நெனச்சேன். ஏனுங்க வரல?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் பொய் சொல்ல வரவில்லை. "உங்க கண்ணுல படணும்னுதானுங்க வண்டிய இப்படிக் கட்டுனேன். கட்டுனதுல லோடு ஏத்த முடியாமப் போச்சு. லோடு இல்லாம இங்க எப்படி வாரதுங்க?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மேடைக்கு வெளியே குவிந்து கிடந்த இரும்பையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இத்தனை தூக்கிட்டா சுத்துனீங்க" என்றாள். குரல் மைக்கில் வருகிற மாதிரி இல்லை, தணிந்து இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

சரியா, இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மணியனும், "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றுதான் சொன்னார். அந்த வாக்கியத்தோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. அம்மா என் கண்ணைப் பார்க்காமல் முக்காலியில் ஏறினார். இரும்புகளை அங்கேயே சுவரோரம் சாய்த்துவிட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வெளியே போகிற வழியும் மேடை மேலேதான். ஏறியதும் பழக்க தோஷத்தில் நிறுத்தினேன். கை தானாகக் கதவைத் திறந்தது. ஒரு காலை வெளியே வைத்தபோது மைக் கரகரத்தது.

"டிரைவர் எறங்க வேண்டாமுங்க."

ஆலை முதலாளிக்குக் கிடைக்காத சலுகை. அப்படியே நின்றேன், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வாசலில் மணியன் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரையும் சேத்தே போட்டுக்கறேன்" என்றது குரல். உயரவும் இல்லை, குழையவும் இல்லை. கடைசி எழுத்தில் மட்டும் லேசாக நடுங்கியது.

காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். பின்சீட்டிலிருந்து அம்மா என் தோளைத் தொட்டார். "என்ன சாமி சொல்லுது அந்தப் புள்ள?"

"சரின்னு சொல்லுதும்மா" என்றேன். அம்மா முக்காலியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.